பஞ்சுவுக்குக் கொடுத்த ரூம்

மார்ச் 3

தம்பிக்கு,

ரெண்டு வருஷமா நீ போட்ட ஒன்பது லெட்டரும் அலமாரியில இருக்கு. எதையும் கிழிக்கல, எதுக்கும் பதில் போடல. இப்ப பாசம் பொங்கி வழிஞ்சு எழுதறேன்னு நினைச்சுக்காதே. உன் முயலால எழுதறேன்.

பஞ்சு பாப்பாவைக் கடிச்சிடுச்சு. போன சனிக்கிழமை சாயங்காலம் நான் கடையிலிருந்து வர்றதுக்குள்ள, தண்ணிக் கிண்ணத்தை எடுக்கறேன்னு கூண்டுக்குள்ள கையை விட்டிருக்கா. நான் படியேறும்போதே அலறல் கேட்டுச்சு. கதவைத் திறந்தா சட்டை முழுக்க ரத்தம். வலது கட்டை விரல்ல நாலு தையல். என் பொண்ணுக்கு ஒன்பது வயசு, இத்தனை வருஷத்துல அவளுக்கு ஒரு ஊசி போட்டாலே நான் கண்ணை மூடிக்குவேன். அன்னிக்கு நாலு தையலையும் பார்த்துக்கிட்டே நின்னேன்.

முயல் உறுமும்னு உனக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. தொண்டைக்குள்ளேயே ஒரு சத்தம் போட்டுட்டு, முன்னங்கால் ரெண்டையும் தூக்கி அடிக்க வருது. மூணு கிலோகூட இருக்காது. அதைப் பார்த்து நான் ரூமை விட்டு ஓடறேன். ராத்திரி அது காலால தரையைத் தட்டினா எனக்குத் தூக்கம் போச்சு.

கீழ்வீட்டு டிரைவர் ஒரு சாக்கைக் கொடுத்து, "இதுல போட்டுக் கொடுங்க, மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்"னு சொல்றார். மிச்சம் என்னன்னு நான் கேட்கல. பாப்பா கட்டுப் போட்ட கையோட வாசல்ல குறுக்கே நிக்கிறா. ஒர்க் ஷாப்புல கூட வேலை பார்க்கிறவன் தாடையை உடைச்சிட்டு நீ ஜெயிலுக்குப் போனப்ப அவளுக்கு ஏழு வயசு. மாமா வாங்கித் தந்ததுன்னு இன்னும் அதைக் கட்டிக்கிட்டு அழறா.

யாருக்காவது கொடுக்கலாமா, என்ன பண்ணலாம்னு எழுது. போன் பண்ணாதே. உன் குரலைக் கேட்டா எனக்குப் பேச்சு வராது.

இன்னொண்ணு. டிசம்பர் கடைசியில உங்க ஜெயில் ஆபீஸ்லேருந்து, பூர்த்தி பண்ணச் சொல்லி ஒரு பாரம் வந்துச்சு. மே மாசம் நீ வெளியே வந்தா என் வீட்டுல தங்கச் சம்மதமான்னு கேட்டிருக்காங்க. ஏப்ரல் பத்துக்குள்ள அனுப்பணுமாம். அதைப் பத்தி நீ எதுவும் கேட்காதே.

அக்கா


மார்ச் 9

அக்காவுக்கு,

வார்டர் கவரைக் கொடுத்தப்ப உன் கையெழுத்தைப் பார்த்துட்டு, யாருக்கோ வந்தது மாறி வந்துடுச்சுன்னு திருப்பிக் கொடுத்தேன். அவர்தான், "உன் பேருதான்யா, வாங்கு"ன்னார். இந்த லெட்டரையும் அவர் படிச்சிட்டுத்தான் அனுப்புவார். ஐயா, வணக்கம்.

பாப்பா விரல் எப்படி இருக்கு? மடக்க முடியுதா? முதல்ல அதை எழுது.

உனக்குத் தெரியுமோ என்னமோ, எந்த லெட்டர்லயாவது எழுதினேனான்னு ஞாபகம் இல்ல, இங்கே ஆறு மாசமா எனக்கு முயல் கொட்டில்ல வேலை. முப்பத்தோரு முயல். மாசம் ஒரு தடவை மிருக டாக்டர் அம்மா வருவாங்க. அவங்ககிட்ட வாங்கின திட்டுல கத்துக்கிட்டதைச் சொல்றேன்.

கூண்டுக்குள்ள கையை விடாதே. பாப்பாவையும் விட விடாதே. அதுக்கு அதுதான் வீடு. ஒருத்தர் நம்ம வீட்டு ஜன்னல் வழியா கையை விட்டுத் தட்டைத் தூக்கினா நாம சும்மா இருப்போமா? கதவைத் திறந்து வைச்சிட்டுத் தள்ளிப் போயிடு. அதுவா வெளியே வரட்டும். வந்த பிறகு கிண்ணத்தை எடு, சுத்தம் பண்ணு.

மூக்குக்கு நேரா கையை நீட்டாதே. முயலுக்கு ரெண்டு பக்கமும் பின்னாடியும் நல்லாத் தெரியும், மூக்குக்கு முன்னாடி மட்டும் தெரியாது. நீ ஆசையா விரலை நீட்டறே, அதுக்கு எங்கிருந்தோ திடீர்னு ஒண்ணு வந்து முகத்துல இடிக்குது. பக்கத்துல தரையில உட்காரு. பேசிக்கிட்டே நெத்தியில மேலேருந்து கையை வை. முழங்கை வரைக்கும் கெட்டியாத் துணி போட்டுக்கோ, ஷூ போட்டுக்கோ. அது பாய்ஞ்சாலும் வெடுக்குன்னு கையை இழுக்காதே. பாய்ஞ்சா ஆள் ஓடும்னு ஒரு தடவை கத்துக்கிச்சுன்னா அவ்வளவுதான்.

அடிக்காதே அக்கா. சத்தியமா இதுதான் முக்கியம்.

ஒரு விஷயம் மட்டும் எனக்குப் புரியல. ரெண்டு வருஷம் சாதுவா இருந்தது ஏன் இப்ப இப்படி ஆச்சு? வீட்டுல எதையாவது மாத்தினியா?

பாரத்தைப் பத்தி நான் எதுவும் கேட்கல.

தம்பி


மார்ச் 15

தம்பிக்கு,

விரல் மடங்குது. தையல் பிரிச்சாச்சு. ஸ்கூல்ல எல்லார்கிட்டயும் காட்டி, புலி கடிச்சதுன்னு சொல்லிட்டு வந்திருக்கா.

மூக்குக்கு முன்னாடி தெரியாதுன்னு நீ எழுதினதைப் படிச்சிட்டு எனக்கு வெட்கமாப் போச்சு. பதினோரு வருஷமா கண்ணாடிக் கடையில உட்கார்ந்து, கிட்டத்துல தெரியுதா தூரத்துல தெரியுதான்னு ஊர்ல இருக்கிறவங்களை எல்லாம் கேட்கறேன். வீட்டுல இருக்கிறதைக் கேட்கத் தோணல.

நீ சொன்ன மாதிரி செஞ்சு பார்த்தேன். கதவைத் திறந்தேன். தள்ளி நின்னேன். அது வெளியே வந்துச்சு, சுத்திப் பார்த்துச்சு, நேரா என் காலுக்கு வந்துச்சு. நான் நாற்காலி மேல ஏறிட்டேன். அரை மணி நேரம் நாற்காலி மேலயே நின்னேன், பொய்யில்ல. அது கீழே சுத்திக்கிட்டே இருந்துச்சு. பாப்பா வாசல்ல நின்னு சிரிச்சா. நானும் சிரிக்கத்தான் பார்த்தேன், சிரிப்பு வரல.

என்ன மாத்தினேன்னு கேட்டே. சொல்றேன், கோபப்படாதே.

பாரம் வந்த மறுநாள் ஹால்ல இருந்த கூண்டைத் தூக்கி உன் ரூம்ல வைச்சேன். கடையிலிருந்து பழைய பிரேம் அட்டைப்பெட்டி எல்லாம் கொண்டு வந்து உன் கட்டில் மேல அடுக்கினேன். ரூம் காலி இல்லன்னு பாரத்துல எழுதலாம்னு. பொய் சொல்ல வராது எனக்கு, அதனால நிஜமாவே காலி இல்லாமப் பண்ணினேன். அந்த ரூம்ல வெளிச்சம் இல்ல. ஜன்னலைப் பெட்டி மறைச்சிடுச்சு. நாள் முழுக்க அது தனியாத்தான் கிடந்துச்சு.

ஜனவரியில என் கையை லேசாக் கவ்வுச்சு. அப்புறம் பயத்துல நான் விளக்குமாத்தாலதான் அதை மூலைக்குத் தள்ளுவேன். குனிஞ்சு புல் வைக்கறதையும் விட்டுட்டேன். மேலேருந்து ரொட்டியும் பிஸ்கட்டும் போட்டுட்டு ஓடி வந்துடுவேன். இப்ப ரொட்டியைக்கூட வாயில வைச்சுட்டுத் துப்பிடுது. தாடைக்குக் கீழே எப்பவும் ஈரமா இருக்கு, தண்ணி குடிக்கத் தெரியாமக் குடிக்குது போல.

ஏன் ரூமை அடைச்சேன்னு நீ கேட்க மாட்டே. நானே சொல்றேன். நீ தாடை உடைச்சது இல்ல காரணம். அதுக்கு மூணு மாசம் முன்னாடி நீ டம்ளரைத் தூக்கி எறிஞ்சியே, அதுதான். சுவத்துல பட்டுச்சுன்னு நீ சொன்னே. பாப்பா தலைக்கும் சுவத்துக்கும் நடுவுல ஒரு சாண்கூட இல்ல. என் வீட்டுக்காரர் செத்த பிறகு நீதான் எங்களுக்குத் துணைன்னு வந்தே. அப்புறம் உன் செருப்புச் சத்தம் கேட்டாலே அவ கட்டிலுக்கு அடியில போயிடுவா. நான் அடுப்பை அணைச்சிட்டு உன் முகத்தைப் பார்ப்பேன், இன்னிக்கு எப்படின்னு.

முயலுக்குப் பயப்படறேன்னு எழுத ஆரம்பிச்சு எங்கேயோ வந்து நிக்கிறேன். அதுவும் நீயும் ஒண்ணுதான்னு தோணுது. பயத்துல, வலியில பாய்ஞ்சிருப்பியோ என்னமோ. அப்படி நினைச்சா மனசுக்குக் கொஞ்சம் ஆறுதலா இருக்கு.

அக்கா


மார்ச் 20

அக்கா,

இதைப் படிச்ச உடனே பஞ்சுவை மிருக டாக்டர்கிட்ட கொண்டு போ. நாளைக்குன்னு தள்ளிப் போடாதே.

டாக்டர் அம்மா நேத்து வந்தாங்க. உன் லெட்டரை அப்படியே படிச்சுக் காட்டினேன். தாடை ஈரம்னு சொன்னதுமே, "பல்லு"ன்னாங்க. முயலுக்குப் பல் சாகற வரைக்கும் வளருமாம். காய்ஞ்ச புல்லை அரைச்சு அரைச்சுத் தின்னாத்தான் தேயும். ரொட்டி தின்னாத் தேயாது. கடைவாய்ப் பல்லு ஊசி மாதிரி வளர்ந்து நாக்கைக் கிழிச்சுக்கிட்டு இருக்கும், வாயில எச்சில் நிக்காது, யார் கிட்ட வந்தாலும் கடிக்கும்னாங்க. தின்னாம விட்டா ரெண்டே நாள்ல முயல் போயிடுமாம்.

பெரிய துண்டைத் தரையில விரி. அது மேல வந்து உட்கார்ந்ததும் ரெண்டு பக்கமும் இழுத்துச் சுத்து, தலை மட்டும் வெளியே. பின்னங்காலைத் தாங்கிப் பிடி, இல்லாட்டி உதைச்சே முதுகை உடைச்சுக்கும். காதைப் பிடிச்சுத் தூக்காதே. விளக்குமாத்தை அதோட கண்ணுல படாம எங்கேயாவது வை. கூண்டைப் பழையபடி ஹாலுக்குக் கொண்டு வா. பல் சரியான உடனே மடியில வந்து உட்காரும்னு நினைக்காதே, ஆள் மேல நம்பிக்கை வர வாரக்கணக்காகும். பெண் முயல்ங்கறதால கருப்பையை எடுத்துட்டா இன்னும் அடங்கும்னாங்க, அது பிறகு பார்க்கலாம்.

இப்ப மத்தது. இதை மூணு தடவை எழுதிக் கிழிச்சேன்.

அதுவும் நானும் ஒண்ணு இல்ல. அப்படி நினைக்காதே அக்கா. அதுக்கு நாக்கு கிழிஞ்சு வலி. எனக்கு என்ன வலி? நல்லாச் சாப்பிட்டேன், நல்லாத் தூங்கினேன். அன்னிக்கு ஒர்க் ஷாப்புல அவன் என்னைக் கிண்டல் பண்ணினான், அவ்வளவுதான். கோர்ட்டுல நான் சொல்லாததை உன்கிட்ட சொல்றேன். ஸ்பேனரைக் கீழே வைச்சிட்டேன். வைச்சிட்டு, கையைத் துடைச்சிட்டு, திரும்பவும் எடுத்தேன். தலை கால் புரியாம அடிச்சேன்னு வக்கீல் சொன்னார். எல்லாம் புரிஞ்சுதான் அடிச்சேன். அவன் நாலு மாசம் குழாய் வழியாக் கஞ்சி குடிச்சான்.

டம்ளரும் அப்படித்தான். பாப்பா அங்கே நிக்கிறான்னு தெரியும்.

இதை வார்டர் படிக்கட்டும், பரவாயில்ல. வெளியே போறதை நினைச்சா எனக்கும் பயமா இருக்கு. உன்னைச் சம்மதிக்க வைக்க இதை எழுதல.

தம்பி


மார்ச் 29

தம்பிக்கு,

முதல்ல முயல். மத்தியானம் நான் சாப்பிட வீட்டுக்கு வந்தப்ப உன் லெட்டர் வந்துச்சு. முதலாளிகிட்ட அரை நாள் லீவு சொல்லிட்டு வந்து துண்டை விரிச்சேன். அது வரவே இல்ல, மூலையில முதுகைக் குறுக்கி உட்கார்ந்திருந்துச்சு. நான்தான் தவழ்ந்து போய்ப் போர்த்தினேன். ஒரு உறுமல் விட்டுச்சு பாரு, என் உயிரே போயிடுச்சு. ஆனா கையை இழுக்கல. துண்டுக்குள்ள அதோட நெஞ்சு அடிச்சுக்கிட்டது என் உள்ளங்கையில தெரிஞ்சுது. என் நெஞ்சைவிட வேகமா அடிச்சுது. எனக்கு அழுகை வந்துடுச்சு.

டாக்டர் டார்ச் அடிச்சு எனக்கும் வாயைக் காட்டினார். நாக்கோட ஓரத்துல வெள்ளையா ஒரு கீறல், உள்ளே வரைக்கும். "இதோட எத்தனை நாளா இருக்கு?"ன்னு கேட்டார். என்ன சொல்வேன்? எனக்குப் பயம், அதனால ரொட்டி போட்டேன். ரொட்டி போட்டதால வலி, வலியில கடிச்சுது. கடிச்சதும் நான் இன்னும் பயந்து இன்னும் ரொட்டி போட்டேன். டாக்டர்கிட்ட இதை எல்லாம் சொல்லல. ரெண்டு வாரம்னு குறைச்சுச் சொன்னேன்.

மயக்க மருந்து கொடுத்துப் பல்லைச் சீவினார். மறுநாள் மத்தியானம் புல்லை மென்னுச்சு. அந்தக் கறுக் கறுக் சத்தத்தைக் கேட்க நானும் பாப்பாவும் அடுப்படி வேலையை விட்டுட்டு ஹால்ல உட்கார்ந்திருந்தோம். இன்னும் கிட்டப் போனா காது பின்னாடி போகுது. நேத்து பாப்பா பக்கத்துல வந்து அவ சாக்ஸை முகர்ந்துட்டுப் போச்சு. எனக்கு இன்னும் கிடையாது. என்மேல கோபம், நியாயம்தான்.

இப்ப நீ எழுதினது. படிச்சிட்டு ரெண்டு நாள் உன் ரூம் பக்கமே போகல. எதுக்கு எழுதினே? நானா ஒரு சமாதானம் சொல்லி மனசைத் தேத்திக்கிட்டு இருந்தேன், அதையும் பிடுங்கிட்டே. பாப்பா நிக்கிறான்னு தெரியும்னு எப்படிடா எழுத வந்துச்சு உனக்கு?

ஒரே ஒரு கேள்வி கேட்கறேன். நீ இங்கே வந்து, ஒரு நாள் களைச்சுப் போய் உட்கார்ந்திருக்கே. பாப்பா உன் மேல பாலைக் கொட்டிடறா. என்ன பண்ணுவே? எனக்கு நல்ல பதில் வேண்டாம். உனக்கு அஞ்சு வயசுலேருந்து நீ பொய் சொன்னா எனக்குத் தெரியும், எழுத்துல சொன்னாலும் தெரியும்.

பாரம் இன்னும் மேஜை மேலதான் இருக்கு.

அக்கா


ஏப்ரல் 3

அக்கா,

தெரியல.

இதோட நிறுத்திடலாம்னு நினைச்சேன். ஆனா போன வாரம் நடந்ததைச் சொல்லாம விட்டா அதுவும் பொய்தான்.

கொட்டில்ல ஒரு பெரிய ஆண் முயல், நாங்க மேஸ்திரின்னு கூப்பிடுவோம். என் தப்புதான், பக்கத்துக் கூண்டு முயலைத் தொட்ட கையோட அதுகிட்ட போனேன். அந்த வாசனை ஆகாது அதுக்கு. மணிக்கட்டுல கடிச்சிட்டு விடாமத் தொங்குச்சு. என் இன்னொரு கையில தகரத் தண்ணி டப்பா. அந்தக் கை மேலே போயிடுச்சு.

இறக்கிட்டேன். முயலுக்கு ஒண்ணும் ஆகல. டப்பாவைத் தூரப் போட்டுட்டு, அது தானா விடற வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். இதை மட்டும் எழுதினா நான் திருந்திட்டேன்னு நீ நினைப்பே. நானும் ஒரு நாள் முழுக்க அப்படித்தான் நினைச்சு மார் தட்டிக்கிட்டேன்.

ஆனா டப்பா மேலே போனப்ப நான் முயலைப் பார்க்கல. திரும்பி வாசலைப் பார்த்தேன், யாராவது பார்க்கறாங்களான்னு. வார்டர் நின்னுக்கிட்டு இருந்தார். அதுக்கு அப்புறம்தான் கை இறங்கிச்சு. அவர் இல்லாட்டி இறங்கியிருக்குமா? இதை நினைச்சு ஆறு நாளா எனக்குச் சோறு இறங்கல. உன் வீட்டுல யார் நிப்பாங்க? நீ கடைக்குப் போயிடுவே. பாப்பா மட்டும்தான் இருப்பா.

கையெழுத்துப் போடாதே அக்கா. வேற எங்கேயாவது போறேன். உன்மேல எனக்கு ஒரு வருத்தமும் இருக்காது. இருந்தாலும் காட்டிக்க மாட்டேன்.

விரல் நல்லா ஆறிடுச்சான்னு மட்டும் எழுது.

தம்பி


ஏப்ரல் 8

தம்பிக்கு,

விரல் ஆறிடுச்சு. மழை நாள்ல மட்டும் கொஞ்சம் மரத்துப் போகுதாம்.

பாரத்தை இன்னிக்குக் காலையில அனுப்பிட்டேன். "சம்மதம் இல்லை"ங்கறதுல டிக் போட்டேன். ரூம் காலி இல்லன்னு எழுதல. ரூம் காலியாத்தான் இருக்கு, பெட்டி எல்லாத்தையும் கடைக்கே திருப்பிக் கொண்டு போயிட்டேன். காரணம்னு ஒரு கட்டம் இருந்துச்சு. "எனக்கும் என் மகளுக்கும் பயமாக இருக்கிறது"ன்னு எழுதினேன்.

நீ நல்ல பிள்ளையாட்டம் பதில் எழுதியிருந்தா, பாவம் பையன்னு கையெழுத்துப் போட்டுத் தொலைச்சிருப்பேன். அப்புறம் தினமும் உன் செருப்புச் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கிட்டு உட்கார்ந்திருப்பேன். வாசலைப் பார்த்தேன்னு எழுதினே பாரு, அதுக்கு அப்புறம்தான் உன்னோட பேச முடியும்னு எனக்குத் தோணுச்சு.

கடைக்கு மேல ஒரு ரூம் இருக்கு. முதலாளிகிட்ட ஒண்ணையும் மறைக்காமச் சொல்லித்தான் கேட்டேன், ஸ்பேனரைக்கூடச் சொன்னேன். ரொம்ப நேரம் கண்ணாடியைத் துடைச்சிக்கிட்டே இருந்துட்டு, ஆறு மாசம் பார்க்கலாம்னார். கீழே கடையில எப்பவும் ரெண்டு பேர் இருப்பாங்க. கோபத்துக்குன்னு வகுப்பு எடுக்கிற ஆஸ்பத்திரி ஒண்ணு பஸ்ல மூணு ஸ்டாப். அதுக்குப் போகணும், அது என் கண்டிஷன். பாப்பாவை எப்பப் பார்க்கலாம்னு பாப்பா சொல்லுவா. நானும் சொல்ல மாட்டேன், நீயும் கேட்கக் கூடாது.

பஞ்சுவை யாருக்கும் கொடுக்கல. டிரைவர்கிட்ட சாக்கைத் திருப்பிக் கொடுத்துட்டேன். நேத்து நான் தரையில உட்கார்ந்து துணி மடிச்சுக்கிட்டு இருந்தப்ப என் முழங்கால் கிட்ட வந்து கொஞ்ச நேரம் இருந்துச்சு. தொடல நான். அப்புறம் எதுவோ சத்தம் கேட்டு உறுமிட்டு ஓடிடுச்சு.

வர்ற வியாழக்கிழமை உன்னைப் பார்க்க வர்றேன். மனு போட்டாச்சு, பத்து நிமிஷம் தருவாங்களாம். நடுவுல கம்பி இருக்குமாமே, இருக்கட்டும். ரெண்டு வருஷமா ஏன் வரலன்னு கேட்டா, பயம் போகட்டும், அப்புறம் போகலாம்னு இருந்தேன். அது போகல. இந்த லெட்டரை எழுதும்போதும் எனக்கு உன்னை நினைச்சா பயமாத்தான் இருக்கு.

நான் பேசாம நின்னா நீயே ஏதாவது பேசு.

அக்கா